படகின் பின் இருக்கை

1

ஆஃப்ரின் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். அதே தீவுக்குத்தான். போன வருஷம் இதே மாதம் அவளும் நானும் செத்துப்போகப் பார்த்த அதே தண்ணீருக்குத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "வாரேன் அத்தா" என்று சொன்னாள். எங்கள் ஊர்த் தமிழில் மற்ற எதுவும் என் மகளிடம் ஒட்டவில்லை என்றாலும் இந்த இரண்டு வார்த்தையை மட்டும் நான் விடாமல் பழக்கியிருக்கிறேன். நாலு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவார்களாம்.

நாலு மணி வரைக்கும் நான் என்ன செய்வது? அடுப்படி மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் போனை எடுத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அலை எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தோன்றுகிறது. காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். காற்று லேசுதான் என்று போன் சொல்கிறது. போன வருஷமும் இதே போன் இதைத்தான் சொன்னது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சாகுல். திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். கனடாவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. இங்கே நகரப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை. மனைவி மும்தாஜ் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று சொல்ல வந்தேன். சனிக்கிழமையும் அவளுக்கு ஷிப்டு உண்டு. எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆஃப்ரின். பதினெட்டு ஆகப்போகிறது.

வெளிநாட்டில் இருக்கும் எங்களை நீங்கள் போட்டோவில்தான் பார்க்கிறீர்கள். பின்னால் மலை, முன்னால் நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு. போன வருஷம் படகில் ஏறுவதற்கு முன்னால் எடுத்த போட்டோவை நானே ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு மாஷா அல்லா போட்டார்கள். அந்தப் போட்டோவுக்குப் பிறகு நடந்தது குழுவில் யாருக்கும் தெரியாது.

2

எட்டு மணிவாக்கில் ஜைனம்பு அக்கா கூப்பிட்டாள். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம். அக்காவுக்கு என்னைப் பார்ப்பது இரண்டாம்பட்சம், பிள்ளையைப் பார்க்கவேண்டும்.

"ஏலே சாகுலு, பிள்ளை எங்க? காமி பாப்பம்."

"இல்லக்கா. கடலுக்குப் போயிருக்கா."

"கடலுக்கா? மீன் வாங்கவா?"

"படகு ஓட்டக்கா. ஒரு தீவைச் சுத்தி வரப் போயிருக்காங்க."

போனில் அக்கா பின்னால் பிளாஸ்டிக் குடங்கள் சுவரோடு வரிசையாக நிற்பது தெரிந்தது.

"இங்க குழாயில தண்ணி வந்து வாரமாச்சு. லாரி எப்ப வரும்னு கொடத்த வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கோம். ஒங்களுக்கு அம்புட்டுத் தண்ணி இருந்தும் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாலே?"

"பிள்ளைக்கு ஆசைக்கா."

"கூட நீ போகலையா?"

"வேலை கெடக்குக்கா."

"போன வருசம் நீயும்தான போன? போட்டோவெல்லாம் போட்டியே. நல்லாத்தான திரும்பி வந்த?"

"நல்லாத்தான் வந்தேன்."

"அப்பறம் என்ன? அல்லா நல்லபடியாக் கொண்டாந்து சேப்பான். நான் துவா செய்றேன். மொகமெல்லாம் வத்திப்போய்க் கெடக்கே, சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. காலையில் எடுத்து வைத்த ரொட்டி தட்டிலேயே விறைத்துக்கொண்டிருக்கிறது.

3

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஃப்ரின் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கயாக் குழு என்று ஒன்று உண்டு. கயாக் என்பது ஒடுக்கமான துடுப்புப் படகு. வெண்டைக்காயை நீளவாக்கில் படுக்கப் போட்டு, மேலே இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு ஆளைச் செருகி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகள் தங்கள் வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு கூட்டமாகப் போய் எதிரே இருக்கும் தீவைச் சுற்றிவிட்டு வருவார்கள். குளியல் தொட்டியிலேயே காலை வைக்கப் பயப்படுகிறவள் மும்தாஜ். ஆக, நான்.

உண்மையைச் சொன்னால், அவள் கூப்பிட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பதினைந்து வயதுக்கு மேல் அவள் எங்களிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. எதைக் கேட்டாலும் "ஓகே." எதைச் சொன்னாலும் "ஐ நோ." போதாததற்குக் கறி தின்பதை விட்டுவிட்டாள். கறிக்கடைக்காரர் மகன் நான். திண்டுக்கல்காரன் வீட்டில் ஒரு பிள்ளை பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேரட்டைக் கடித்தால் பெற்றவன் மனசு என்ன பாடுபடும் என்று நீங்களே சொல்லுங்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் முழுக்க என்னோடு இருக்கலாமா என்று அவளாகவே கேட்டாள். கேட்டவுடன் சரி என்றேன். கூப்பிட்டது கடலுக்கு என்பது ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது.

கரையில் முதலில் கையெழுத்து. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் கையெழுத்துத்தான். போட்டுப் போட்டுப் படிக்காமலேயே போடும் பழக்கம் வந்துவிட்டது. அன்று பார்த்துப் படித்துத் தொலைத்தேன். நீரில் மூழ்குதல், குளிரில் விறைத்தல், மரணம் உட்பட எதற்கும் குழு பொறுப்பில்லை என்று போட்டிருந்தது. ஏதோ வரி உட்பட, சேவைக் கட்டணம் உட்பட என்பது போல. ஆஃப்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள், போட்டேன்.

வழிகாட்டி டானா என்ற இளம்பெண். ஒவ்வொருவர் இடுப்பிலும் ரப்பர் பாவாடை ஒன்றைக் கட்டிவிட்டு, அதன் விளிம்பைப் படகின் ஓட்டையில் மாட்டிவிட்டாள். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. படகு கவிழ்ந்தால் முன்னால் தொங்கும் வாரை இழுத்தால் பாவாடை கழன்றுகொள்ளும், வெளியே வந்துவிடலாம். வெளியே வந்ததும் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எது நடந்தாலும் படகை விடக்கூடாது. இதை அவள் மூன்று விதமாகச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவன் நான்தான். தாடிக்கொம்பு ரோட்டில் மாமு தோட்டத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன், எனக்கென்ன என்று நினைப்பு.

பிறகு யார் எங்கே உட்காருவது என்று வந்தது. இரட்டைப் படகில் பின்னால் இருப்பவர்தான் காலால் சுக்கானைத் திருப்பிப் படகை ஓட்டவேண்டும். ஆஃப்ரின் ஒரு வருஷமாகப் பழகியவள், பின்னால் அவள்தான் உட்காரவேண்டும் என்று டானா நினைத்திருந்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்பன் பின்னால், பிள்ளை முன்னால். எங்கள் ஊரில் அப்படித்தான். நான் பேக்சைடில் உட்காருகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். ஆஃப்ரின் காது வரை சிவந்துபோனாள். நான் சொன்னதற்கு இங்கே வேறு அர்த்தம் என்று வீட்டுக்கு வந்த பிறகு மும்தாஜ்தான் விளக்கினாள்.

ஆனால் பின் இருக்கை எனக்குக் கிடைத்துவிட்டது.

4

எங்கள் ஊரில் அப்படித்தான் என்று சொன்னேன் அல்லவா, அது டி.வி.எஸ். 50 பழக்கம்.

என் அத்தாவிடம் ஒரு பச்சை நிற டி.வி.எஸ். 50 இருந்தது. கறிக்கடை வேலையும் அதில்தான், என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். நான் முன்னால் நிற்பேன், இரண்டு கையாலும் ஹேண்டில்பாரின் நடுவில் பிடித்துக்கொண்டு. அத்தா பின்னால் உட்கார்ந்து என் இரண்டு பக்கமும் கையை நீட்டி ஓட்டுவார். அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முடியில் அவர் மூச்சு படும். எனக்குத் தெரிவதெல்லாம் ரோடு, லாரி, மாடு, எதிரே பெரிசாகிக்கொண்டே வரும் மலைக்கோட்டை. நான் வேடிக்கை பார்க்க அப்படியும் இப்படியும் திரும்புவேன். உடனே தலைக்கு மேலிருந்து குரல் வரும்.

"ஆடாதலே. முன்னால பாரு."

ஒரு நாள் நாகல்நகர் பக்கம் ஒரு லாரி எங்களை உரசுவது போல வந்தது. அத்தா வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கினார். எனக்கு அது ராட்டினத்தில் போன மாதிரி இருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அவர் கையில் டீ கிளாஸ் நிற்கவில்லை. பாதி டீ சட்டையில் கொட்டியது. "அத்தா, சட்டையெல்லாம் டீ" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

அந்தக் கை ஏன் ஆடியது என்று எனக்குத் தெரிய நான் கனடாக் கடல் வரைக்கும் வரவேண்டியிருந்தது.

5

காலை நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. ஆஃப்ரினின் முதுகும் பின்னலும் எனக்கு முன்னால். அவள் துடுப்புப் போடும் தாளத்துக்கு நான் போட்டேன். நீர்நாய் ஒன்று மல்லாந்து படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அவள் அதைக் காட்டிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். தீவின் மறுபக்கம் கூழாங்கல் கரையில் இறங்கிச் சாப்பிட்டோம். நான் கொண்டுபோன தக்காளிச் சோற்றை டானாவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆஃப்ரினுக்கு அதில் பெருமை. அந்தச் சாப்பாட்டு நேரத்தை நான் இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மத்தியானம் தீவின் தெற்கு முனையைச் சுற்றும்போது எல்லாம் மாறியது. முனையைத் தாண்டியதும் தண்ணீரின் நிறமே வேறு. காற்று ஒரு பக்கம், தண்ணீரின் இழுப்பு இன்னொரு பக்கம். அலைகள் வரிசையில் வராமல் நாலா பக்கமும் எழும்பின. முன்னால் போன டானா துடுப்பை உயர்த்திக் காட்டி எல்லோரையும் நெருங்கி வரச் சொன்னாள். நான் சுக்கானை மிதித்தேன். எந்தக் காலை மிதித்தால் எந்தப் பக்கம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது. படகு கூட்டத்தை விட்டு வெளியே முகத்தைத் திருப்பியது. "அத்தா, லெஃப்ட்! லெஃப்ட்!" என்று ஆஃப்ரின் கத்தினாள்.

பக்கவாட்டில் ஒரு அலை வந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். வண்டியில் லாரி உரச வந்தால் அப்படித்தானே ஒதுங்குவோம். கயாக்கில் அலையைப் பார்த்துச் சாயவேண்டும், விலகிச் சாயக்கூடாது. அதையும் டானா காலையில் சொல்லியிருந்தாள். நான் தலையாட்டியிருந்தேன்.

தலைகீழாக இருந்தேன். பச்சை இருட்டு. காதுக்குள் இரைச்சல். குளிர், குளிர் மாதிரி இல்லை, உடம்பு முழுக்கச் சூடு வைத்த மாதிரி இருந்தது. வாரை எப்படி இழுத்தேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது மூச்சு உள்ளே போகமாட்டேன் என்றது. மூக்கிலும் வாயிலும் உப்பு. ஆஃப்ரின் இல்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். பிறகு படகுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அவள் தலை தெரிந்தது.

இனி நான் செய்ததைத் திண்டுக்கல்காரர்கள்தான் புரிந்துகொள்வார்கள். எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். பத்து நாளில் டின்னைக் கழற்றிவிடுவார்கள். தண்ணீருக்குள் தடுமாறினால் மேலே நிற்கும் அத்தனை பயல்களும் ஒரே குரலில் கத்துவார்கள், "செவுத்தப் புடிலே! செவுத்தப் புடி!" எங்கே விழுந்தாலும் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். சுவரைத் தொட்டால் பிழைத்தோம். நீச்சல் என்பது சுவருக்குப் போவது. நாற்பது வருஷமாக உடம்பில் ஊறியது அது.

தீவு கிட்டத்தில்தான் தெரிந்தது. பாறையும் மரமும் தெளிவாகத் தெரிந்தன. நான் படகைச் சுற்றிப் போய் ஆஃப்ரினின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா தாயி, கரை இந்தா இருக்கு. நீந்திடலாம்."

"நோ! படகை விடாதீங்க!"

"சொன்னாக் கேளு! வா!"

நான் இன்னும் பலமாக இழுத்தேன். அவள் கையை உதறினாள். பிறந்ததிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்காத நாள் பல உண்டு. அன்றைக்கு வந்த கோபம் மாதிரி ஒரு நாளும் வந்ததில்லை. முதலில் நான் போய்ச் சேர்ந்தால் அவளும் பின்னாலேயே வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைப் போட்டேன். கொஞ்ச தூரம் போய் நிமிர்ந்தால் பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனேன். பாறை வலப்பக்கமாக நகர்ந்திருந்தது. தண்ணீர் என்னை எங்கேயோ கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கவிழ்ந்த படகும் அதைப் பிடித்திருந்த என் பிள்ளையும் தூரத்தில் இருந்தார்கள். நடுவில் வெறும் தண்ணீர். பிடிக்க எந்தப் பக்கமும் எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. சாவோம் என்பதைவிட, அவள் என் கண்முன்னால் போய்விடுவாளோ, நான் இங்கே கிடந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமோ என்று பயந்தேன். வாய்விட்டு யா அல்லா என்று கத்தினேன்.

அவளும் கத்தினாள். "அத்தா! இங்க வாங்க! என்னைப் பாத்து வாங்க!"

அவளைப் பார்த்துக் கையைப் போட்டேன். மிதவைச் சட்டை தூக்கிப் பிடித்ததே தவிர நகர விடவில்லை. விரல்கள் மரத்துவிட்டன. அவள் படகின் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் துடுப்பை என் பக்கம் முழுசாக நீட்டினாள். முதல் தடவை துடுப்பின் நுனி என் கைக்குள் வந்து வழுக்கிப் போனது. இரண்டாம் தடவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். அவள் இழுத்தாள். பிறகு டானாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

படகை நிமிர்த்தி எங்களை உள்ளே ஏற்றிய பிறகு டானா என்னைத் திட்டவில்லை. அந்த முனையில் கடல் வற்றும்போது நீர் தீவை விட்டு வெளியேதான் ஓடும், அங்கிருந்து நீந்தி யாரும் கரை சேர்ந்ததாக அவளுக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னாள். ஆஃப்ரினின் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

6

அதற்கப்புறம் ஒரு மாதம் என்னால் ஷவரின் கீழ் நிற்க முடியவில்லை. முகத்தில் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டும். வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து ஊர்க் குளியல் திரும்பக் கிடைத்தது என்று மும்தாஜ் கேலி செய்தாள். ராத்திரியில் நான் அலறியதைப் பற்றி அவள் கேலி செய்யவில்லை.

என் பிள்ளையோ அடுத்த வாரமே மறுபடி கயாக் தூக்கப் போய்விட்டாள். இனிப் போகக்கூடாது என்றேன். ஒரு வருஷம் வீட்டில் இதே சண்டை. என்னிடம் இருந்த ஒரே வாதம் எனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான், அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. படிப்பு கெடும், வெயிலில் கறுத்துப்போவாய், ஊரில் பெரிய அக்கா மகள் இப்படியா போகிறாள் என்று கண்டதையும் சொன்னேன்.

கடைசியில் போன மாதம் மும்தாஜ் ஒரே போடாகப் போட்டாள். "பயமாருந்தா நீங்க போகாதீங்க. பிள்ளைய ஏன் கட்டிப் போடுறீங்க? அன்னைக்கு அவ உங்க பேச்சக் கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் நான் இங்கன பாத்திஹா ஓதிக்கிட்டு இருந்திருப்பேன்."

அதோடு சண்டை முடிந்தது. இந்த வருஷக் குடும்ப நாளுக்கு ஆஃப்ரின் வழிகாட்டிக்கு உதவியாளாகப் போகிறாள். தனிப் படகு. என்னை அவள் கூப்பிடவில்லை.

7

இனி வருவது ராத்திரி எழுதுவது. மணி இரண்டரை இருக்கும். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சமைக்கப் போனேன். என்ன சமைத்தேன் என்று சொன்னால் பேகம்பூரில் என்னைச் சேர்க்க மாட்டீர்கள். வெஜிடபிள் பிரியாணி. அப்படி ஒரு பதார்த்தமே உலகத்தில் கிடையாது, அது காய் போட்ட சோறு என்று இந்த வீட்டில் நானே பலமுறை அறிவித்திருக்கிறேன். அதையே சீரகச் சம்பாவில், அத்தா செய்கிற பக்குவத்தில், கறிக்குப் பதில் காளானும் உருளைக்கிழங்கும் போட்டுத் தம் வைத்தேன். வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டுக் கூரை மங்கலாகத் தெரிந்தது. மூடுபனி. காற்றைப் பற்றி எல்லாம் சொன்ன போன் இதைச் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நாலரை. பிரியாணியை டிபன் பாக்ஸில் போட்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். கார் சாவி என் கையில் ஆடிக்கொண்டே இருந்தது.

8

படகுத் துறையில் இன்னும் சில பெற்றோர்கள் நின்றார்கள். துறைப் பலகையின் முடிவுக்கு அப்பால் கடலே இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ என் பிள்ளை இருந்தாள். டிபன் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், அதன் சூடு நெஞ்சில் பட்டது. என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். ஒரு தடவை தண்ணீரில் இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இறங்கி எங்கே போவது? கிணறா இது?

விசில் சத்தம் கேட்டது. முதலில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மறுபடி கேட்டது. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து டானாவின் சிவப்புப் படகு வந்தது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று. எதிலும் அவள் இல்லை. கடைசியாக, எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, வாயில் விசிலோடு ஆஃப்ரின் வந்தாள். பனி விலகட்டும் என்று சாப்பாட்டுக் கரையிலேயே காத்திருந்தார்களாம். விலகவில்லை என்றதும் கரையை ஒட்டி, ஒருவரை ஒருவர் விடாமல் வந்திருக்கிறார்கள்.

கரையில் ஏறியவளிடம் ஓடினேன். டிபன் பாக்ஸை நீட்டினேன். நின்றபடியே திறந்து, ஈரக் கையாலேயே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"அத்தா, இதுல கறி இல்லையே?"

"இல்ல."

"நீங்களா செஞ்சீங்க?"

"காய் போட்ட சோறுதான. பெரிய வேலையா?" என்றேன். அவள் சிரித்தாள். நான் மும்தாஜுக்கு, வந்துவிட்டாள் என்று செய்தி அனுப்பினேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

படகுகளைக் கரையோரமாக ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கொட்டகையில் அடுக்கவேண்டும். குளிர் தாங்காமல் ஒரு குடும்பம் முன்னாடியே கிளம்பிவிட்டதால் ஒரு இரட்டைப் படகுக்கு ஆள் குறைந்தது. ஆஃப்ரின் கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அத்தா, நீங்க வரீங்களா?"

"பனியா இருக்கே."

"கரைய ஒட்டியேதான். எறங்குனா கால் தட்டும்."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்குப் பயமா இருக்குமா" என்று வந்துவிட்டது. ஒரு வருஷமாகச் சொல்லாதது.

"தெரியும்," என்றாள். மிதவைச் சட்டையை எடுத்து வந்து எனக்கு மாட்டி, வாரை இழுத்து இறுக்கினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பனிச்சட்டைக்கு நான் அவளுக்கு இழுத்துவிட்ட மாதிரி. நான் பழக்கத்தில் பின் இருக்கைப் பக்கம் போனேன்.

"அங்க நான்," என்றாள்.

முன்னால் உட்கார்ந்தேன். பிஸ்மில்லா சொல்லிக்கொண்டேன். பலகையை விட்டுப் படகு நழுவியதும் எனக்கு முன்னால் எதுவும் இல்லை. பின்னலும் இல்லை, முதுகும் இல்லை. பனியும் தண்ணீரும்தான். பின்னால் அவள் துடுப்பு தண்ணீரில் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்காமல் போனது. அவள் இருக்கிறாளா? திரும்பினேன். படகு இடப்பக்கம் சரிந்தது, தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"ஆடாதீங்க அத்தா," என்றாள் பின்னாலிருந்து. "முன்னாடி பாருங்க."

டி.வி.எஸ். 50 கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அவள் குரல் லேசாக நடுங்கியது போல இருந்தது. குளிராகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. முன்னால் பார்த்தேன்.